நாற்பது மூக்குகள்

பெருந்தொற்றின் இரண்டாம் மாதத்தில் எங்கள் சுகாதார அலுவலகத்தில் ஆரோக்கியமான மூக்குகள் தீர்ந்துபோயின.

தினமும் மாலை ஐந்து மணிக்கு மாநிலத் தலைமையகம் காணொளிக் கூட்டம் நடத்தும். நூறு பேரைச் சோதித்ததில் எத்தனை பேருக்குத் தொற்று என்று மாவட்டம் மாவட்டமாக வாசிப்பார்கள். ஐந்தைத் தாண்டிய மாவட்டத்தின் அதிகாரிக்கு எல்லோர் முன்னிலையிலும் அர்ச்சனை நடக்கும். எங்கள் அதிகாரியின் கண்ணில் அந்த ஒற்றை எண்ணைத் தவிர வேறெதுவும் படாது. அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சதவீதம்.

தொற்றைக் குறைப்பதுதான் கஷ்டம். சதவீதத்தைக் குறைக்கக் காய்ச்சல்காரர்கள் பக்கமே போகாமல், கல்லுக்குண்டு மாதிரி இருப்பவர்களாகப் பார்த்துச் சோதித்தால் போதும். முதலில் அலுவலக ஊழியர்கள், பிறகு அவர்கள் வீட்டார், பிறகு எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர். கூட்டம் குறைகிற நாளில் வாட்ச்மேன் அண்ணனைக் கூப்பிட்டு மூக்கில் சோதனைக் குச்சியை விட்டுவிடுவார்கள்.

"என் மூக்கு இனிமே கவர்ன்மென்ட் சொத்தும்மா. தும்மணும்னாகூட அனுமதி வாங்கணும்" என்பார் அவர்.

அப்புறம் தலைமையகம் கணினியில் ஒரு பூட்டுப் போட்டது. ஒரே ஆளைப் பதினான்கு நாளுக்குள் மறுபடி பதிந்தால் ஏற்காது. சதவீதம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எனக்கு அதைப் பார்த்துச் சிரிக்க நேரமில்லை. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் இருமிக்கொண்டிருந்தார். ஏழு மாத வயிற்றோடு இருந்த என் அக்காவுக்குக் காய்ச்சல். என்னைப் போலக் கட்டுப்பாட்டு அறையில் வேலை செய்கிறவர்களை வீட்டுக்கு விடாமல் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். அக்காவின் மூச்சுவாங்கலை நான் போனில்தான் கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனால், சோதனை முடிவு இல்லாமல் சேர்க்க மாட்டோம் என்று வாசலோடு திருப்பிவிட்டார்கள்.

ஒரு தெருவில் மூன்று பேருக்குத் தொற்று உறுதியானால் டாக்டரோடும் ஆக்ஸிஜனோடும் அங்கே முகாம் போட்டாக வேண்டும். அது மாநில அரசின் உத்தரவு. ஆனால் உறுதியாக வேண்டுமென்றால் யாராவது வந்து சோதிக்க வேண்டுமே! எங்கள் தெருவுக்குச் சோதனைக் குழு கேட்டு மனு எழுதிச் சதவீதத்தின் மேஜையில் வைத்தேன். ஐந்து நாள் போனது. மனுவின் மேல் டீ டம்ளரின் வட்டக் கறைகள் ஐந்து. குடும்பத்தில் முதல் ஆளாகப் புள்ளியியல் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். கறையை எண்ணவா படித்தேன்?

ஆறாம் நாள் காலை சதவீதம் அறைக்குள் வந்து கையைப் பிசைந்தார்.

"நேத்து ஆறு புள்ளி ரெண்டு. மானம் போச்சு. நாளைக்குள்ள புதுசா நாப்பது மூக்கு வேணும். யாருக்காவது ஆள் தெரியுமா?"

நான் எழுந்து நின்றேன். "எங்க தெருவுல இருக்காங்க சார்."

"என்ன வேலை பாக்குறவங்க?"

"லாரியில மூட்டை ஏத்துறவங்க சார். ஒரு ஆள் நூறு கிலோ தூக்குவான்."

"சபாஷ்! அந்த மாதிரி உடம்புதான் வேணும். இங்கயே வரச் சொல்லு."

ஆரோக்கியமாக இருக்கிறார்களா என்று அவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல நான் என்ன அவருடைய ஆலோசகரா?

அம்மாவுக்குப் போன் போட்டேன். "யார் யாருக்குக் காய்ச்சலோ, எல்லாரும் வரணும். இருமுறவங்க முன்னாடி நிக்கட்டும்."

"அவ்ளோ பெரிய ஆபீசரு நம்மள எதுக்குடி கூப்பிடுறாரு?"

"நம்ம மூக்கு அழகா இருக்காம்மா."

"போடி, வாயாடி" என்றாள். ஆனால் கூட்டி வந்துவிட்டாள்.

அலுவலக முற்றத்தில் வெயிலில் தள்ளித் தள்ளி நாற்பது பேர் நின்றார்கள். எல்லோருக்கும் இரட்டை முகக்கவசம் கொடுத்தேன். சோதனை எடுக்கும் லேப் அக்கா தலைமுதல் கால்வரை மூடியிருந்தாள். வாட்ச்மேன் அண்ணனை வாசலுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டேன்.

"சார், நீங்க உள்ளயே இருங்க. மாஸ்க்கை ஏத்திப் போடுங்க" என்று சதவீதத்திடமும் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன்.

"எனக்கே பாடமா?" என்றார். பொதுமக்கள் தாமாக முன்வந்து சோதனை செய்துகொண்டார்கள் என்று தலைமையகத்துக்கு அனுப்பப் போட்டோ வேண்டுமாம். கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு நடுவில் போய் நின்று, இரண்டு பேர் தோளில் கை போட்டார். ஆட்டோவில் வந்திறங்கிய அக்காவைப் பார்த்ததும்தான் லேசாகச் சந்தேகம் வந்தது.

"இந்தம்மாவுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"ஏழு மாசம் சார்."

அதுவும் உண்மைதான்.

மறுநாள் மதியம் முடிவு வந்தது. நாற்பதில் பதினேழு பேருக்குத் தொற்று. அக்காவும் அதில் ஒருத்தி. சதவீதம் ஓடி வந்தார்.

"கம்ப்யூட்டர்ல ஏத்தாத! அஞ்சு மணி வரைக்கும் நிறுத்தி வை!"

"லேப்லயே நேரா ஏத்திட்டாங்க சார். முகாம் உத்தரவும் அதுலயே தானா வந்துருச்சு. கீழ உங்க கையெழுத்து."

"நான் எப்ப போட்டேன்?"

"போன மாசம் கையெழுத்த ஸ்கேன் பண்ணிக் கொடுத்தீங்களே, 'சும்மா சும்மா என்கிட்ட வராதீங்க, நீங்களே வச்சுக்குங்க'ன்னு."

அவர் முகம் சுண்டிப்போனது. "அந்தத் தெருவுல காய்ச்சல்னு ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேன் சார். உங்க டம்ளருக்கு அடியில இருக்கு."

மூன்று மணிக்குத் தெருமுனையில் முகாம் நின்றது. அக்காவின் விரலில் டாக்டர் ஆக்ஸிஜன் அளக்கும் கருவியை மாட்டினார். தொண்ணூறு. ஆக்ஸிஜன் மாட்டி ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். இந்த முறை ஆஸ்பத்திரி வாசலில் யாரும் வாயைத் திறக்கவில்லை. அம்மா போனில் அழுதாள். நான் கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன்.

வெளியே வந்ததும் நெருங்கிய தொடர்புகளின் பட்டியலைத் தட்டினேன். போட்டோ சாட்சி இருந்ததால் முதல் பெயர் எளிதாகக் கிடைத்தது. சதவீதத்தின் வீட்டுக் கேட்டில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பதினான்கு நாள் தனிமை, தினம் இரண்டு முறை நலம் விசாரிக்கும் அழைப்பு. அந்த அழைப்புகளைச் செய்வது என் வேலை.

"சார், வாசனை தெரியுதா?"

"கிண்டலா உனக்கு?"

"ஃபாரத்துல இருக்கு சார். தெரியும், தெரியாது. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"தெரியும்... தெரியும்!"

எட்டாம் நாள் லேப் அக்கா அவர் வீட்டுக்கே போய்க் குச்சியை விட்டாள். மறுநாள் என் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். குழந்தை வயிற்றில் உதைக்கிறதாம், ஆக்ஸிஜனை எடுத்துவிட்டார்களாம். அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் சதவீதத்தின் முடிவும் வந்தது. உடனே போன் போட்டேன்.

"சார், உங்களுக்குத் தொற்று இல்ல."

பெருமூச்சு கேட்டது.

"நல்ல மூக்கு சார் உங்களுது. இன்னைக்கு நம்ம சதவீதம் உங்களால கொஞ்சம் குறையும்."