சரம் கவ்விய செவலை

செவலை நாய் முதலில் எடுத்தது ஒரு காலிக் காகிதக் குழல். நாரணாபுரத்துப் பக்கம் இருந்த அந்தப் பட்டாசுக் கம்பெனியில், வேப்பமர நிழலில் வெடிச்சரம் பின்னிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் எழுந்து அதை விரட்டினார்கள். ஒரே சிரிப்பு. கடைசியில் ராக்காயி தூக்குவாளியிலிருந்து கருவாட்டுத் துண்டை எறிந்து குழலை மீட்டாள். மறுநாள் அது பசைத்துணியைக் கவ்வியது. அதற்கும் ஓட்டம், அதற்கும் கருவாடு. அப்புறம் தினமும் ஏதாவது ஒன்று.

நாய், அங்கே சரம் பின்னும் வேலுத்தாயுடையது. புருஷன் செத்த பிறகு வீட்டில் அவளும் அதுவும்தான். கட்டிப்போட்டால் கயிற்றைக் கடித்துவிட்டுக் கம்பெனிக்கு வந்துவிடும். ஐம்பத்தெட்டாம் வருஷத் தீபாவளி சீசன் அது. மழை இல்லாததால் காட்டு வேலை கிடையாது. ஊரே பட்டாசை நம்பித்தான் உலை வைத்தது. முதலாளி சங்கரலிங்கம் அன்று காலையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"ஏ வேலுத்தாயி, இன்னொருக்கா அது சாமான்ல வாய வச்சா, நாயோட நீயும் வீட்டுல இருந்துக்க."

"அதுக்குக் கூலி போட்டுக் குடுத்துருங்க மொதலாளி, நம்மளவிட நல்லா ஓடுது" என்றாள் ராக்காயி. யாரும் சிரிக்கவில்லை.

உச்சி வெயிலில் செவலை வந்தது. களத்தில் காய்ந்துகொண்டிருந்த சரம் ஒன்றை நுனியில் கவ்வி இழுத்தது. திரி போட்டு முடித்த சரம். அதை இழுத்துக்கொண்டு வேலியின் இடைவெளி வழியாக வெளியே ஓடியது. அங்கேதான் பெத்தணன் பசை காய்ச்சும் அடுப்பு இருந்தது. விறகு எரிந்துகொண்டிருந்தது.

பெண்கள் எழுந்தார்கள். செவலை நின்று திரும்பிப் பார்த்தது. வால் ஆடியது. சங்கரலிங்கம் கம்பை வீசினார். நாய் துள்ளி விலகி, அடுப்புக்கு இன்னும் கிட்டே போய் நின்றது. வால் முன்னைவிட வேகமாக ஆடியது. பெத்தணன் தண்ணீர்ப் பானைக்குக் கையை நீட்டினார். அடுப்பைத் தாண்டுகிற மாதிரி நாய் முன்னங்காலை மடக்கியது. அவர் கையை இழுத்துக்கொண்டார்.

வேலுத்தாய் அந்த வாலையே பார்த்தாள். நேற்று தலைவலி பொறுக்காமல் முந்தானையை முகத்தில் போட்டு மரத்தில் சாய்ந்திருந்தாள். இன்னொரு பசைத்துணியோடு அவளைச் சுற்றிச் சுற்றி வந்த நாய், அவள் அசையாததால் துணியை மடியில் போட்டுவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. அப்போது அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

"யாரும் ஓடாதீக" என்றாள். "உக்காருங்க. அதுக்கு முதுகக் காட்டி உக்காருங்க."

"கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு?" என்றார் சங்கரலிங்கம்.

"நாம ஓடத்தான் மொதலாளி அது எடுக்குது. நீங்களும் திரும்புங்க. பெத்தணண்ணே, அதப் பாக்காதீக. பசையக் கிண்டுங்க."

வெடிமருந்தோடு பிழைக்கிறவர்கள் நெருப்புக்கு முதுகு காட்டுவதில்லை. ராக்காயிதான் முதலில் உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள். சங்கரலிங்கம் வேப்பமரத்தைப் பார்த்தபடி நின்றார். பெத்தணன் மட்டும் நெருப்பின் முன்னால் இருந்தார். சட்டிக்குள்ளேயே கண்ணை வைத்துத் துடுப்பைச் சுற்றினார்.

களம் இப்படி அடங்கி யாரும் பார்த்ததில்லை. விறகு வெடிக்கும் சத்தம் கேட்டது. அதன்பின் நாயின் முனகல். சரம் தரையில் உரசுகிற ஓசை கிட்டே வந்தது, விலகியது, மறுபடி அடுப்புப் பக்கமே போனது. ஒருத்தி வாய்க்குள் காளியாத்தாளைக் கூப்பிட்டாள். யாரும் திரும்பவில்லை. செவலை ஓடி வந்து ராக்காயியின் முதுகில் மூக்கால் இடித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு விரலைத் திரியில் ஓட்டினாள். நாய் குரைக்கப் பார்த்தது. வாயில் சரம் இருந்ததால் சத்தம் அமுங்கியது.

வேலுத்தாயின் தொடையருகே ஏதோ விழுந்தது. எச்சிலில் நனைந்த சரம். அவள் அப்போதும் பார்க்கவில்லை. செவலை உட்கார்ந்தது. பெருமூச்சு விட்டது. மண்ணில் தாடையை வைத்துப் படுத்தது. அதற்குப் பிறகுதான் அவள் கை மெதுவாக அதன் தலைக்குப் போனது.

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை நாளும் கம்பெனியையே ஓட வைத்தது ஒரு தடவலுக்காகவா? சாமி வந்து இறங்கிய இடத்தைப் பார்க்கிற மாதிரி அந்த நாயையும் கையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சங்கரலிங்கம் வந்து நனைந்த சரத்தை எடுத்தார். வேலுத்தாய் எழுந்து நின்றாள்.

"நாயி வேலிக்கு வெளிய" என்றார். "நீ உள்ள."

"அது வந்து மேல குதிக்குமே மொதலாளி."

"குதிக்கட்டும். இங்கன அதத் திரும்பிப் பாக்கதுக்கு எவன் இருக்கான்?"

மறுநாள் காலையில் லோடு ஏற்ற மாட்டுவண்டிகள் வாசலில் வரிசையாக நின்றன. செவலை முதலாளியின் வேட்டியில் மண் கால்களை வைத்துக் குதித்தது. வண்டிக்காரன் சாட்டையை ஓங்கினான். சங்கரலிங்கம் வேண்டாம் என்று கையைக் காட்டினார். வானத்தைப் பார்த்துக்கொண்டு, கல்லாக, அது படுக்கிற வரைக்கும் நின்றார். அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதன் தலைப்பக்கம் குனிந்தார்.