சிர்டாக்கிக்கு இடமில்லை

துஷாரா டேனிஷ் ஊரான கிரின்ஸ்டெட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அங்கே மதிய இடைவேளைகளில் அவளுக்கும் கூட வேலை செய்யும் கிர்ஸ்டனுக்கும் சிர்டாக்கி என்ற தன் நாட்டு ஆட்டத்தைப் பழக்கியவன் ஸ்டாவ்ரோஸ் என்ற கிரேக்கன். சாப்பாட்டு மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு மூவரும் வரிசையாக நிற்பார்கள். கைகளைப் பக்கவாட்டில் நீட்டி அடுத்தவர் தோளில் வைக்க வேண்டும். தொடக்கத்தில் இசை மெல்ல நடக்கும். காலை முன்னே வீசி, பின்னே குறுக்காக வைத்து, முழங்கால் மடித்துத் தாழ்ந்து எழ வேண்டும். பிறகு இசை கொஞ்சம் கொஞ்சமாக வேகமெடுக்கும். கடைசியில் ஒரே துள்ளல்தான். ஒருவருக்குக் கால் தடுக்கினால் பக்கத்துத் தோள் தாங்கிக்கொள்ளும். துஷாராவுக்கு அடிக்கடி தடுக்கியது.

கோல்டிங்கில் தமிழர் மன்றம் நடத்தும் கலைவிழாவில் இதை ஆடலாம் என்று சொன்னதே அவள் கணவன் யதுர்சன்தான். மன்றக் குழுவில் அவனும் ஒருவன்.

விழா நாளில் மூவரும் வெள்ளைச் சட்டையோடு மேடையருகே காத்திருந்தபோது, மன்றத் தலைவர் கனகசபை அவளைத் தனியே கூப்பிட்டார்.

"குறை நினையாதை பிள்ளை. உங்கட ஆட்டத்தை நிகழ்ச்சியிலை இருந்து எடுத்திட்டம்."

"ஏன் அண்ணை?"

"ஒரு குடும்பப் பொம்பிளை வேற ஆம்பிளையின்ர தோளிலை கை போட்டு ஆடினால் சனம் கதைக்கும். நேற்றுக் கூட்டத்திலை எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு."

மேடையில் சின்னப் பெண்பிள்ளைகள் சினிமாப் பாட்டொன்றுக்கு இடுப்பை வெட்டிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசை கைதட்டியது.

"இது மட்டும் பரவாயில்லையோ?"

"அது சின்னப் பிள்ளையள்தானே," என்று சொல்லிவிட்டு அவர் ஒலிவாங்கியை நோக்கிப் போய்விட்டார்.

'எல்லாரும்' என்ற சொல் அவளுக்குள் பற்றி எரிந்தது. யதுர்சன் சமையலறைப் பக்கம் ரோல்ஸ் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"நேற்றுக் கூட்டத்திலை நீங்களும் ஓம் எண்டனீங்களோ?"

அவன் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எல்லாரும் ஒரு பக்கம் நிக்கேக்கை நான் தனிய என்னெண்டு…"

"இரவு என்னோடை இருந்து சாப்பிட்டனீங்கள். காலமை இந்தச் சட்டையை அயன் பண்ணித் தந்ததும் நீங்கள்தான். வாயிலை என்ன வைச்சிருந்தனீங்கள்?"

"மெதுவாக் கதையும். சனம் பாக்குது."

"பாக்கட்டும்! அந்த ரெண்டு பேரும் உங்களை நம்பித்தானே கார் ஓடி வந்தவை!"

நேரம் போதவில்லை என்று அவர்களிடம் ஒரு பொய் சொல்லிவிடலாமா என்று நடந்தபடியே யோசித்தாள். யாருடைய மானத்தைக் காக்க என்று தோன்றியது. டேனிஷில் உள்ளதை உள்ளபடி சொன்னாள். கிர்ஸ்டன் முதலில் அதை வேடிக்கையென்று நினைத்துச் சிரித்தாள். ஸ்டாவ்ரோஸின் காதுகள் சிவந்தன.

"எங்கள் ஊரிலும் இப்படிப் பெரியவர்கள் இருக்கிறார்கள்," என்றான். "விடு, போவோம்."

"ஆடாமல் நான் போகமாட்டேன்," என்றாள் துஷாரா.

கார் தரிப்பிடத்தில் கிர்ஸ்டன் தன் காரின் கதவுகளைத் திறந்துவைத்து இசையைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினாள். மூவரும் தோளில் கைபோட்டு நின்றார்கள். மெல்ல வைக்க வேண்டிய அடிகளையும் துஷாரா தார்த் தரையில் ஓங்கி ஓங்கி வைத்தாள். மண்டபத்திலிருந்து பிள்ளைகள் ஓடி வந்தார்கள். அவர்களைப் பிடிக்க வந்த தாய்மாரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

இசை வேகமெடுத்தபோது யதுர்சன் வந்தான். ஆட்களைப் பார்த்தான், கொஞ்சம் தயங்கினான். பிறகு வரிசையின் ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்த துஷாராவின் பக்கம் வந்து, தோளில் வைக்கக் கையைத் தூக்கினான்.

"தொடாதேங்கோ!"

ஆட்டம் நிற்கவில்லை. வரிசை துள்ளித் துள்ளி அவனை விட்டு விலகிப் போனது. கை பாதியில் நிற்க அவன் எல்லாருக்கும் நடுவே நின்றான். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அவளுக்கு அந்தப் பாவமும் ஆத்திரத்தையே கூட்டியது.

அன்று அவள் கிர்ஸ்டனின் காரில் வீடு திரும்பினாள்.

மறுநாள் காலை யதுர்சன் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தான். "என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

"இதை என்னட்டைச் சொல்லாதேங்கோ. மன்றக் கூட்டத்திலை எல்லாருக்கும் முன்னாலை சொல்லுங்கோ."

"எல்லாரும் எனக்கு எதிரா நிப்பினம்."

"ஓம், நிப்பினம். எனக்கு எதிரா நிண்ட மாதிரி."

அடுத்த கூட்டத்தில் அவன் சொல்லித்தான் இருக்கிறான். செய்தது பிழை, நானும் சேர்ந்தே செய்தேன் என்று தொடங்கியதும் கனகசபை மண்டப வாடகைக்குப் பேச்சை மாற்றிவிட்டாராம். ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம். வீட்டுக்கு வந்து இதையெல்லாம் அவளிடம் சொன்னான்.

துஷாரா முழுவதையும் கேட்டாள். கோபம் தணியவில்லை, ஆனால் இப்போது அவன் முகத்தைப் பார்க்க முடிந்தது.

"அவையள் கேக்கேல்லை எண்டால் முடிஞ்சுதோ?" என்றாள். "அடுத்த கூட்டத்திலையும் சொல்லுங்கோ. நானும் வாறன்."