நான்காம் படியில் குதிரை

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அவள் தன் கணவனின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் பொத்தான்மேல் இருந்தது. அழுத்தவில்லை.

அந்தப் பொத்தானை அழுத்துவதுதான் அவனுடைய வேலை. ஏழு வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவன் பார்வையைக் கொண்டுபோயிற்று. நிறங்களின் ஞாபகத்தை மட்டும் விட்டுவைத்தது. பார்வையில்லாதவர்களும் படம் பார்க்க வேண்டும் என்பதற்காக, வசனமில்லாத இடங்களில் திரையில் நடப்பதை ஒரு குரல் சொல்லிக்கொண்டே வரும். அதற்கு விவரிப்பு என்று பெயர். அவள் விவரிப்பு எழுதுபவள். எழுதியதை முதலில் தன் குரலிலேயே வாசித்து ஒரு கச்சாப் பதிவாகச் செய்து போடுவார் ஒலிப்பதிவாளரான சவுண்ட் அண்ணன். அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்பான். புரியாத இடத்தில் பொத்தானை அழுத்தினால் வெளியே ஒரு சிவப்பு விளக்கு எரியும். எழுதியவர் அந்த இடத்தைத் திருத்த வேண்டும்.

பத்து வருடத்தில் அவள் எழுதியதற்கு அந்த விளக்கு எரிந்த நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். "புருஷன் திருத்தற பரீட்சையில பொண்டாட்டி ஃபெயிலாக முடியுமா?" என்பார் சவுண்ட் அண்ணன். "அவரு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேணாமா?"

ஆனால் இப்போது உள்ளே ஓடிக்கொண்டிருந்தது அவள் எழுதியதல்ல.

படமும் சாதாரணப் படமல்ல. மஞ்சள் கோட்டு போட்ட ஒரு பெண் ஒரு பெரிய வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறாள். ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு நிறம். ஓர் அறையில் பனி பெய்கிறது, நாற்காலிகள் மட்டும் நனையவில்லை. இன்னோர் அறையில் சாப்பாட்டு மேசை நீண்டுகொண்டே போய்க் கடலில் முடிகிறது. இரண்டு மணி நேரத்தில் மொத்தமே பதினோரு வசனம். பார்க்கக் கண் கோடி வேண்டும்; ஆனால் தலையும் புரியாது, வாலும் புரியாது. இயக்குநரைக் கேட்டால், சொல்ல முடிந்திருந்தால் நான் ஏன் படம் எடுக்கிறேன் என்றாராம்.

நாள் குறைவு என்பதால் முதல் பாதியை அவளுக்கும் இரண்டாம் பாதியைப் புதிதாகச் சேர்ந்த அம்மாளுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். அந்த அம்மாளுக்கு ஐம்பது வயது. கரகரத்த குரல். பதினெட்டு வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக, விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதும் சர்வேயராக இருந்தவர். அதனால் எல்லோருக்கும் சர்வேயரம்மா. கதை, கவிதை எதுவும் படிக்கும் பழக்கமில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார், தனக்குச் சர்க்கரை வியாதி இல்லை என்று டாக்டரிடம் சொல்வதுபோல.

அந்த அம்மாளின் வரிகளைத்தான் அவன் இப்போது சவுண்ட் அண்ணனின் குரலில் கேட்டுக்கொண்டிருந்தான்.

"மாடிப்படி. வெள்ளைக் குதிரை. இடது முன்கால் நான்காம் படியில். பெண் அதைக் கடந்து போகிறாள். அவள் குதிரையைப் பார்க்கவில்லை. குதிரை பார்க்கிறது."

அவன் முன்னால் குனிந்தான். முழங்கை முட்டிமேல் ஊன்றியது. வாய் லேசாகத் திறந்தது. அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். பத்து வருடத்துக்கு முன்னால் அவள் எழுதிய முதல் விவரிப்பை இதே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டபோது இருந்த முகம். அன்றைக்கு வெளியே வந்து, "இத எழுதினவங்க யாரு? கூடவே கூட்டிட்டுப் போயிரலாம்னு தோணுது" என்றான். கூட்டிக்கொண்டும் போனான்.

அன்றுமுதல் அவன் பார்த்ததெல்லாம் அவள் சொன்னதுதான். பேருந்து ஜன்னலுக்கு வெளியே என்ன, கல்யாண வீட்டில் யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள், நாத்தனார் புதுச் சேலையில் எப்படி இருக்கிறாள், எல்லாம். அவன் கண்கள் தன்னுடைய சொத்து என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய அவசியமே வந்ததில்லை.

படம் முடிந்தது. விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை.

"எல்லாம் புரிஞ்சுதா சார்?" என்று சவுண்ட் அண்ணன் மைக்கில் கேட்டார்.

"முதல் பாதி புரிஞ்சுது. ரெண்டாவது பாதி ஒண்ணும் புரியல."

அவளுக்குள் ஏதோ குளிர்ந்தது. இரண்டு விநாடிதான்.

"அப்ப ஏன் சார் அழுத்தல?"

"தோணல அண்ணே. அந்தக் குதிரைய இன்னொரு தடவ போடுங்களேன்."

வீடு திரும்பும் பேருந்தில் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். வழக்கமாக இரண்டாவது நிறுத்தம் தாண்டுவதற்குள், "வெளிய என்ன?" என்று கேட்பான். இன்று ஆறு நிறுத்தம் போயிற்று. அவளே ஆரம்பித்தாள். "ஒருத்தர் குடையோட நிக்கறார். பஸ்ஸ விட்டுட்டோமேன்னு கடுப்புல இருக்கார்."

"ம்."

"பக்கத்துல ஒரு பொண்ணு. வீட்டுல ஏதோ சண்டை போல, அழுதிருக்கா."

"ம்," என்றான். பிறகு, "அந்தம்மா வண்டிங்களப் பத்தியே பதினெட்டு வருஷம் எழுதினாங்களாமே?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். அவன் அதைக் கவனிக்கவே இல்லை. அதுதான் அவளை இன்னும் எரித்தது. சர்வேயரம்மா ஓர் அழகியாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. அழகை அவனால் பார்க்க முடியாது. அவள் சொன்னால்தான் உண்டு. சொல்லாமல் விட்டுவிடலாம். இந்த வரிகளை எப்படி மறைப்பது?

மறுநாள் மேலாளர் கூப்பிட்டு, இரண்டு பாதியும் ஒரே கை எழுதியதுபோல் இருக்க வேண்டும், நீங்கள்தான் சீனியர், இணைத்துக் கொடுங்கள் என்றார். அல்வா மாதிரியான வாய்ப்பு. அவள் சர்வேயரம்மாவின் பக்கங்களைத் திறந்து வேலையைத் தொடங்கினாள். இணைப்பு வேலை என்றுதான் தன்னிடமும் சொல்லிக்கொண்டாள். குதிரைக்கு முன்னால், 'இறந்துபோன கணவனின் நினைவாக' என்று சேர்த்தாள். பனி பெய்யும் அறையில், 'தனிமை தாளாமல்' என்று சேர்த்தாள். கடலில் முடியும் மேசைக்கு, 'கலைந்துபோன குடும்பத்தின் அடையாளமாய்' என்று எழுதியபோது அவளுக்கே கொஞ்சம் கூசியது. அழிக்கவில்லை.

அடுத்த நாள் அவன் மறுபடி கேட்க உட்கார்ந்தான். இந்த முறை சர்வேயரம்மாவும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அவளை ஒட்டிய நாற்காலியில் இருந்தார். முதல் பாதி அமைதியாகப் போயிற்று. இரண்டாவது பாதியில் குதிரை வந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. பனி வந்தது, எரிந்தது. மொத்தம் ஏழு தடவை.

"என்ன சார், எது புரியல?"

"எல்லாம் புரியுதுண்ணே. அதான் அழுத்தறேன். குதிரைக்கு என்னாச்சு? யாரோ சேணம் போட்டுட்டாங்க."

சவுண்ட் அண்ணன் சிரித்தார். அவள் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினாள். ஏற்கெனவே அடுக்கியிருந்த காகிதங்கள்.

சர்வேயரம்மா அவள் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் பேசினார். "என் பழைய ஆபீஸ்ல எவனாவது என் ரிப்போர்ட்ல கை வெச்சா உண்டு இல்லைன்னு பண்ணிருவேன். இங்க நான் புதுசு. அதனால சண்டைக்கு வரல, தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். அந்தக் குதிரை அவளோட புருஷன்னு எங்க இருந்தது? நானும் நாலு தடவ பார்த்தேன், என் கண்ணுல படலியே."

"பார்த்தா தெரியும்," என்றாள் அவள்.

"ஓ," என்றார் சர்வேயரம்மா. கேலியில்லாமல், உண்மையாகவே வியந்து. அந்த வியப்புதான் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அவளுக்கும் தெரியாது. படத்தை ஆறு தடவை பார்த்திருந்தாள். அந்தக் குதிரை ஏன் அங்கே நிற்கிறது என்பது ஆறாவது தடவையும் தெரியவில்லை. கணவன் என்று எழுதியது, ஏதாவது எழுத வேண்டுமே என்பதற்காக. பத்து வருடமாகவே அப்படித்தானோ? குடை பிடித்தவர் கடுப்பில் இருந்தாரா என்ன? அவர் சும்மா நின்றிருக்கலாம். தெரியாது என்று சொன்னால் அவன் இருட்டில் நின்றுவிடுவான் என்று பயந்தாள். சீக்கிரம் ஒரு காரணத்தைக் கையில் கொடுத்துவிடுவாள், குழந்தை அழுவதற்குள் கிலுகிலுப்பையைக் கொடுப்பதுபோல.

அன்று மாலை அவன் பாத்திரம் கழுவ, அவள் துடைத்து அடுக்கினாள்.

"ரெண்டாவது பாதிய மாத்தினது நீதானே?" என்றான்.

"இணைக்கச் சொன்னாங்க."

"கோபமா கேக்கல."

"கோபமாவே கேளுங்க. அந்தம்மா எழுதினா உசுரு, நான் எழுதினா சேணம். சொல்லிருங்க நேரா."

அவன் குழாயை மூடினான். "போன மாசம் அக்காவும் மாமாவும் ஒரு படத்துக்குப் போயிட்டு வந்து என்ன சண்டை போட்டாங்க, ஞாபகம் இருக்கா? அக்கா, அவன் செத்துட்டான்னு சொல்றா. மாமா, சாகலங்கறாரு. நடுராத்திரி வரைக்கும் ஃபோன்ல என்கிட்ட பஞ்சாயத்து. அதே படத்த நானும் பார்த்திருந்தேன், நீ எழுதினத வெச்சு. நான் சொன்னேன், சாகல, ஊரை விட்டுப் போயிட்டான், அதுல சண்டை போட என்ன இருக்குன்னு."

"அதுல என்ன தப்பு?"

"ஊர்ல இருக்கறவனெல்லாம் படம் புரியல புரியலன்னு தலைய பிச்சிக்கறான். பத்து வருஷமா எனக்கு மட்டும் எல்லாப் படமும் புரிஞ்சிக்கிட்டே இருக்கு. கண்ணே தெரியாதவனுக்கு! உனக்கு சந்தேகமா இல்ல?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்போல் இருந்தது; அடக்கிக்கொண்டாள். அவன் சிரிக்கவில்லை.

"நானும் ஒரு தடவ குழம்பணும்மா," என்றான். "அதுக்குக்கூட உன்கிட்டதான் அனுமதி கேக்க வேண்டியிருக்கு."

மறுநாள் காலை ஏழு மணிக்கே அவள் ஸ்டூடியோவுக்குப் போனாள். சர்வேயரம்மாவின் பக்கங்களில் தான் போட்ட சேணங்களைக் கழற்றினாள். அது பத்து நிமிட வேலை. பிறகு தன்னுடைய முதல் பாதியைத் திறந்தாள். அதுதான் மென்னியைப் பிடித்தது. 'ஏக்கத்துடன்' போயிற்று. 'குற்ற உணர்ச்சியால்' போயிற்று. ஒவ்வொரு சொல்லையும் எடுக்க எடுக்க அந்த இடத்தில் ஓட்டை விழுந்தது. ஓட்டையை நிரப்ப மறுபடி படத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. ஏக்கம் என்று எழுதிய இடத்தில் உண்மையில் என்ன இருந்தது? அந்தப் பெண் ஒரு கைப்பிடியைத் தொடுகிறாள், பிறகு தன் விரல்களைக் கோட்டில் துடைக்கிறாள். துடைத்த இடத்தில் மஞ்சள் கொஞ்சம் மங்குகிறது. ஆறு தடவை பார்த்தும் இந்த மங்கலை அவள் பார்த்திருக்கவில்லை. அதை அப்படியே எழுதினாள். இது அந்த அம்மாளைப் பார்த்துக் காப்பி அடிப்பது என்று உள்ளே ஒரு குரல் முணுமுணுத்தது. அடித்துவிட்டுப் போகிறேன் என்றாள். வெறிபிடித்தவள்போல் பகல் ஒரு மணிவரை தட்டினாள்.

மூன்று மணிக்கு அவன் உட்கார்ந்தான். கட்டைவிரல் பொத்தான்மேல். முதல் அறை, இரண்டாம் அறை. மங்கிய மஞ்சளில் அவன் தலை நிமிர்ந்தது. பிறகு முன்னால் குனிந்தான். முழங்கை முட்டிமேல். வாய் லேசாகத் திறந்தது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

முடிந்ததும் அவன் ஹெட்போனைக் கழற்றி, மைக் இருக்கும் திசையில் திரும்பினான். "பிரமாதம். முதல் பாதியையும் சர்வேயரம்மாவே எழுதிட்டாங்களா?"

சவுண்ட் அண்ணன் கூரையைப் பார்த்தார். தான் எழுதிய வரிகளின்மேலேயே அவளுக்குப் பொறாமை வந்தது. ஒரு மனுஷிக்கு இப்படியும் ஒரு கதி உண்டா?

பக்கத்து நாற்காலியில் இருந்த சர்வேயரம்மாதான் மைக்கை இழுத்தார். "நான் எழுதல சார். நான் பார்த்திருந்தா மஞ்சள்னு மட்டும்தான் போட்டிருப்பேன். அது மங்கறது உங்க வீட்டம்மா கண்ணு."

அந்த உதவியும் அந்த அம்மாளிடமிருந்துதான் வர வேண்டுமா என்று நினைத்தபடியே அவள் கைப்பையை எடுத்தாள்.

தெருவில் வெயில் சாய்ந்திருந்தது. அவன் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

"சாரி," என்றான்.

"எதுக்கு? பிரமாதம்னுதானே சொன்னீங்க."

"சரி, இதச் சொல்லு. கடைசில கதவு சாத்திருது. கோட்டோட ஓரம் கதவிடுக்குல மாட்டிக்கிட்டு இருக்கு. அவ வெளிய போயிட்டாதானே?"

காரணம் நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கினாள். "தெரியல," என்றாள். அந்தச் சொல்லை அவனிடம் சொல்லிப் பழக்கமில்லாததால் அது கொஞ்சம் உரக்க வந்துவிட்டது. பிறகு, "ஆனா அவ உள்ளதான் இருக்கான்னு எனக்குத் தோணுது."

"எப்படி உள்ள? இவ்வளவு அறை சுத்தினவ எதுக்குத் திரும்ப உள்ள போகணும்?"

"வெளிய போறதுன்னா எப்பவோ போயிருக்கலாமே. யாரு தடுத்தா?"

"பூட்டியிருந்திருக்கும்!"

"பூட்டு எங்க இருந்தது? எழுதியிருந்ததா பூட்டுன்னு?"

"எழுதலேன்னா இல்லைன்னு ஆயிருமா?"

எதிரே வந்த ஒருவர் ஒதுங்கி வழிவிட்டார். அவர்கள் நிறுத்தத்தைத் தாண்டி நடந்துகொண்டிருந்தார்கள். பேருந்து வந்து நின்று போய்விட்டது. அவன் கையை வீசி வீசிப் பேசினான், கழுத்து நரம்பு புடைத்தது. இப்படி அவன் தன்னோடு மல்லுக்கு நின்று அவள் பார்த்ததே இல்லை. இந்த அரைமணி நேரமாக அந்த அம்மாளின் பேச்சே எழவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். கவனித்த அதே நொடியில் அவன் நின்றான்.

"ஒண்ணு பண்ணலாம். துணி எந்தப் பக்கமா மடிஞ்சிருந்ததுன்னு சர்வேயரம்மாவக் கேட்டா டக்குனு சொல்லிருவாங்க. ஃபோன் போடவா?"

அவள் அவன் சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"நாளைக்குக் கேளுங்க," என்றாள். "இன்னிக்கு சண்டை என்கூடத்தான்."