மொட்டைமாடி போடும் கமெண்ட்

பொறாமைப்படுவதற்கு உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, அந்த லிஃப்ட் மெக்கானிக் முகம் தெரியாத ஒருவனைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தான். அந்த ஆளுக்குச் சொத்து உண்டா, பதவி உண்டா, தலையில் முடியாவது உண்டா என்று எதுவும் மெக்கானிக்குக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றே ஒன்று. அந்த ஆள் எழுதுவதைப் படித்தால் மெக்கானிக்கின் மனைவி சிரிக்கிறாள்.

அவளுக்கு வேலை ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் ஒரு லாண்டரியில். நாள் முழுக்க நின்றபடி, கொதிக்கிற உருளைகளுக்கு நடுவே படுக்கை விரிப்புகளை நுழைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் டப்பில் வெந்நீர் ஊற்றி, வீங்கிய காலை அதில் வைத்துக்கொண்டு போனை எடுப்பாள். ‘நல்ல சேதி’ என்று ஒரு பக்கம். வெட்டுக்குத்து, விலைவாசி எதுவும் அதில் வராது. பூனைக்குட்டிகளை அடைகாத்த கோழி, தினமும் தபால் ஆபீசுக்கு வந்து போகும் ஆடு, எண்பது வயதில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட கிழவர் என்று விசித்திரமான, மனசுக்கு இதமான செய்திகள் மட்டும்தான். செய்தியை அவள் ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். அவளுக்கு வேண்டியது அதற்குக் கீழே ஜனங்கள் போடும் கமெண்ட். அதைத்தான் வாய்விட்டுப் படிப்பாள்.

“என்னங்க, கேளுங்களேன். கோழி பூனைக்குட்டிய அடைகாத்துச்சாம். அதுக்கு மொட்டைமாடி என்ன போட்டிருக்காரு தெரியுமா? ‘மீசையோட பொறந்திருக்கு. யாராவது சேவல் மூஞ்சியப் பாத்தீங்களா?’”

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வரும். டப்பிலிருந்த தண்ணீர் தரையெல்லாம் சிதறும். மெக்கானிக் மாப்பை எடுத்து வந்து துடைப்பான்.

மொட்டைமாடி என்பது அந்த ஆள் அங்கே வைத்துக்கொண்ட பெயர். படத்துக்குப் பதில் காலி வட்டம். ஆடு தபால் ஆபீசுக்கு வந்தபோது, “தினமும் நேரத்துக்கு வருதுல்ல? முதல்ல அதை வேலைக்கு எடுங்க” என்று போட்டு ஆயிரக்கணக்கில் லைக் வாங்கினான். கிழவர் சைக்கிள் ஓட்டியபோது, “பெல் அடிக்கக் கத்துக்கிட்டாரா? எங்க தெருவுல இருக்கிற இளவட்டத்துக்கு அது இன்னும் வரல” என்றான். ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி. இதைப் படிக்கிற ஒவ்வொரு தடவையும் மெக்கானிக்குக்கு என்னவோ தன் நாக்கு நுனியில் இருந்ததை யாரோ வழித்து எடுத்துக்கொண்டு போன மாதிரி இருக்கும். இது எனக்குத் தோன்றாதா என்ன, எல்லாருக்கும் தோன்றுவதுதானே என்று உள்ளுக்குள் கறுவுவான்.

அவனும் எழுதாமல் இல்லை. மனைவிக்குத் தெரியாமல் ‘சிந்தனைச் சுடர்’ என்ற பெயரில் எழுதிக்கொண்டிருந்தான். வேலை முடிந்து வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அடித்துத் திருத்தி, திருத்தியதை மறுபடி திருத்தி ஒன்று போடுவான். அவனுடைய ஆசையெல்லாம் இவ்வளவுதான்: என்றைக்காவது ஒருநாள் அவள் தன்னுடையதைப் படித்து அப்படிச் சிரிக்க வேண்டும், தண்ணீர் சிதற வேண்டும், அப்போது மாப்பும் கையுமாக நின்றபடி “அது நான்தான்” என்று சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் அவன் சொன்ன எதற்கெல்லாமோ சிரித்தவள்தான் அவள். அந்தச் சிரிப்பை எவனோ ஒருத்தன் மொட்டைமாடியில் உட்கார்ந்துகொண்டு அள்ளிக்கொண்டு போவதா?

கோழிச் செய்திக்கு அவன் போட்டது இது: “தாய்மை என்பது இனம் கடந்தது என்பதை இந்தப் பறவை பாரறியப் பறைசாற்றியுள்ளது. மனிதன் சிந்திப்பானா?”

அதையும் அவள் படித்தாள். “இந்தச் சிந்தனைச் சுடர் யாருங்க, ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்க வந்த ஆளு மாதிரி? பாவம், ரெண்டே ரெண்டு லைக்கு.”

அந்த இரண்டில் ஒன்று அவனே போட்டுக்கொண்டது. அதை அவன் யாரிடம் போய்ச் சொல்வான்?

“மொட்டைமாடி வீட்ல இருக்கிறவங்களுக்குப் பொழுது போறதே தெரியாது போல” என்று அவள் இன்னொரு நாள் சொன்னாள். மெக்கானிக்குக்குக் காதில் புகை வந்தது. மறுநாள் பஸ்ஸில் உட்கார்ந்து மொட்டைமாடியின் கமெண்டுக்கு நேர் கீழே எழுதினான்: “மலிவான நகைச்சுவை. உங்களைப் போன்றவர்களால்தான் சமூகம் சீரழிகிறது.” வீடு போய்ச் சேர்வதற்குள் நாற்பது பேர் அவனைப் பிடித்து உலுக்கி எடுத்திருந்தார்கள். மொட்டைமாடி மட்டும் பதிலுக்கு ஒரே வார்த்தை போட்டிருந்தான்: “சரிங்க.” திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

“பாருங்களேன், சிந்தனைச் சுடருக்கு வயித்தெரிச்சல்” என்று மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு வழியாக அவன் எழுதியதற்கு அவள் சிரித்துவிட்டாள். அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இனி அவன் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பழைய கட்டடங்களின் லிஃப்டைப் பராமரிக்கிற வேலை அது, எப்போதும் இரண்டு பேராகத்தான் போவார்கள். ஒருவர் மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறையில் உட்கார்ந்து லிஃப்டை நகர்த்துவார். இன்னொருவர் லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நின்று, இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் கம்பி வடங்களைத் துடைத்து, பக்கத்துத் தண்டவாளங்களுக்கு எண்ணெய் போட்டபடி, “மேல விடு, நிறுத்து” என்று வாக்கி டாக்கியில் குரல் கொடுப்பார். கூண்டின் மேல் ஏறுபவர் பாக்கெட்டில் ஒன்றும் வைத்துக்கொள்ளக் கூடாது. போன், சாவி எல்லாம் மேலே இருப்பவரிடம் போய்விடும். கூண்டின் மேல் நிற்பவன் நம் மெக்கானிக். மேலே உட்கார்ந்திருப்பவனைக் கம்பெனியில் எல்லாரும் கம்மு என்றுதான் கூப்பிடுவார்கள். வந்தால் கம்முனு உட்காருவான், போகும்போதும் கம்முனு எழுந்து போவான். அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஆனால் மேலே தனியாக உட்கார்ந்திருந்தால் கம்முவுக்கும் அலுப்பாக இருக்காதா? போனில் இருக்கிற செய்தித் தலைப்புகளை ஒவ்வொன்றாக வாக்கி டாக்கியில் படித்துக்காட்டுவான். அது மட்டும் அவன் வழக்கம். கீழே மெக்கானிக்கின் கை வேலை செய்துகொண்டிருக்கும், வாய் தன் பாட்டுக்கு எதையாவது பதில் சொல்லிக்கொண்டிருக்கும். என்ன சொன்னோம் என்று மெக்கானிக்குக்கு மறு நிமிஷம் நினைவிருக்காது. இருட்டுக்குள் அத்தனை உயரத்தில் நிற்பவனுக்குக் கால் வைக்கும் இடம்தான் நினைவிருக்க வேண்டும்.

அந்த வாரக் கடைசியில் வந்தது ஆமைச் செய்தி. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு குடும்பம் தொலைத்த ஆமை, அவர்கள் வீட்டுப் பரணிலேயே உயிரோடு கிடைத்ததாம். மனைவி வழக்கம்போல் டப்பில் காலை வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது.

“ஐயோ, முடியல. மொட்டைமாடி இன்னைக்கு என்ன போட்டிருக்காரு பாருங்க. ‘ஆமை எங்க தொலைஞ்சுது? அது இன்னும் கெளம்பிக்கிட்டுதான் இருக்கு. கொஞ்சம் மேல விடு. மெதுவா, மெதுவா. போதும், நிறுத்து. துணி எங்க வச்சேன்?’”

அவள் கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தாள். கமெண்டுக்குக் கீழே, ஆமையைப் பரணிலிருந்து எடுப்பவர்கள் பேசுகிறார்கள் என்றார்கள் சிலர், ஆமையே பேசுகிறது என்றார்கள் சிலர். எல்லாரும் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள்.

மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. துணியை அவன் இடுப்பில் செருகி வைத்துவிட்டு, அதை மறந்துபோய்த் தேடியது அன்று காலையில்தான்.

மறுநாள் மோட்டார் அறைக்குள் போனதும் போனைக் கொடுக்காமல் வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

“மொட்டைமாடி யாருடா?”

கம்மு ஒளிக்கவில்லை. “நான்தாண்ணே.”

“நான் பேசுறதையா போடுற?”

“எனக்கு டைப் அடிக்க வராதுண்ணே. வாக்கி டாக்கிகிட்ட போனைக் காட்டினா அதுவே எழுதிக்கும். நேத்து சீக்கிரம் நிறுத்த மறந்துட்டேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

கம்மு வாயைத் திறந்தான். அவ்வளவு நீளமாக அவன் பேசி அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. “சொன்னா நீங்க யோசிச்சுப் பேச ஆரம்பிச்சிடுவீங்க. அப்புறம் நல்லா இருக்காது. எனக்குப் பேச வராதுண்ணே, கேக்கத்தான் வரும். நீங்க சொல்றது அத்தனையும் அந்தக் குழிக்குள்ளயே போய் விழுதேன்னு இருந்துச்சு.” கொஞ்சம் நிறுத்தி, “எல்லாரும் நல்லாதான் பேசுறாங்க. சிந்தனைச் சுடர்னு ஒருத்தன் மட்டும் திட்டுவான். அவனுக்கு என்ன கஷ்டமோ” என்றான்.

மெக்கானிக் போனையும் சாவியையும் அவன் கையில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினான். கோபம் வரும் என்று பார்த்தான், வரவில்லை. அத்தனை நாள் நெஞ்சில் குந்தியிருந்த பாரம் இறங்கி, அந்த இடத்தில் ஒரு குளிர்ச்சி பரவியது. நான்தான். சேவல் மூஞ்சி நான். ஆடு நான். என் பெண்டாட்டி இத்தனை நாளாக என் பேச்சுக்குத்தான் சிரித்திருக்கிறாள். அன்று முழுக்க அவன் வாயிலிருந்து ஒரு சொல் உருப்படியாக வரவில்லை. கம்மு படித்த தலைப்புகளெல்லாம் பதில் இல்லாமல் போயின.

சாயங்காலம் அவளுக்கு முன்பே வீட்டுக்கு வந்து டப்பில் வெந்நீர் ஊற்றி வைத்தான். அவள் ஆச்சரியத்தோடு உட்கார்ந்தாள். போனை எடுக்கும் முன் அவன் சொன்னான்.

“மொட்டைமாடி நான்தான்.”

“ஆமா, நான்தான் இந்த நாட்டுக்கு ராணி.”

அவன் எல்லாவற்றையும் சொன்னான். கம்முவை, வாக்கி டாக்கியை, இடுப்பில் இருந்த துணியை. சிந்தனைச் சுடரைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. மனுஷனுக்கு மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. சொல்லிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தான். மாப்பு சுவரோரம் தயாராக இருந்தது. நம்பாத பார்வை மெல்ல மெல்ல நம்புகிற பார்வையாக மாறியது. இப்போது சிரிப்பாள் என்று காத்திருந்தான்.

அவள் சிரிக்கவில்லை.

“அப்போ இத்தனை நாளா இதெல்லாம் நீங்க பேசினதா?”

“ஆமா.”

“அவர்கிட்ட.”

“வேலை செய்றப்போ சும்மா வர்றதுதானே...”

“தினமும்?”

அவனுக்கு எங்கேயோ கால் வழுக்குவது புரிந்தது. “தினமும்னு இல்ல” என்று இழுத்தான்.

“வேலை எப்படி இருந்துச்சுன்னு நான் கேப்பேன். ‘இருந்துச்சு’ன்னுவீங்க. இந்தப் பொடவை நல்லா இருக்கான்னா ‘ம்’. வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமான்னு எத்தனை வாட்டி கேட்டிருக்கேன்? சரி, மனுஷனுக்குப் பேச்சே அவ்வளவுதான், வயசாச்சு, உழைச்சுக் களைச்சு வர்றாருன்னு நெனைச்சுக்கிட்டேன்.” அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். “எல்லாத்தையும் அங்க கொட்டிட்டுத்தான் இங்க வர்றீங்களா?”

“நீ அதைப் படிச்சுத்தானே சிரிச்ச?”

“படிச்சேன். ஊர்ல இருக்கிற எல்லாரும்தான் படிச்சாங்க. அவருதான் கேட்டாரு.”

அவள் முகத்தில் இருந்தது என்ன என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். மாதக்கணக்கில் பஸ் ஜன்னல் கண்ணாடியில் அவன் பார்த்த தன் முகமேதான். கம்முவைப் பார்த்து, வாய் திறக்காத அந்தக் கம்முவைப் பார்த்து, அவளுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

அவளே போனைத் திருப்பினாள். ஏதோ ஒரு தலைப்பைத் தேடி எடுத்தாள். “இதோ. எங்கயோ ஒரு ஊர்ல, ஒரு காக்கா தினமும் ஸ்கூல் மணி அடிக்கிற மாதிரியே கத்துதாம், பசங்க எல்லாம் பையத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடிடுறாங்களாம். சொல்லுங்க.”

“என்ன சொல்ல?”

“அவர் படிச்சா சொல்லுவீங்கல்ல. நான் படிக்கிறேன். சொல்லுங்க.”

அவன் வாயைத் திறந்தான். காக்கை, மணி, பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். அவள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

“நல்ல செய்திதான்” என்றான்.

அவள் டப்பிலிருந்து காலை எடுத்தாள். ஒரு சொட்டு சிதறாமல் துடைத்துக்கொண்டாள்.

“நாளைக்கு நான் லீவு போடுறேன்” என்றாள். “அவரையும் வீட்ல இருக்கச் சொல்லுங்க. மேல மோட்டார் ரூம்ல நான் வந்து உக்கார்றேன்.”