அருளம்பலத்தாரின் பல் வரலாறு

பல் டொக்டர் கனகசபைக்கும் அருளம்பலத்தாருக்கும் பதினான்கு மாதமாகக் கதை பேச்சு இல்லை. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக மிஞ்சியிருந்தது ஒரு வேலி மட்டும். எதிரெதிரே கண்டால் டொக்டர் துறைமுகத்துக் கப்பல்களைப் பார்க்கத் தொடங்குவார். கப்பல் பார்ப்பதே குற்றமாக இருந்த யுத்த காலத்தில் அது துணிச்சலான காரியம். அருளம்பலத்தார் வானத்தைப் பார்ப்பார். அவர் விமானத் தாக்குதல் காவலுக்கு நின்ற ஏ.ஆர்.பி. வார்டன் என்பதால், அதைக் கடமை என்று சொல்லிக்கொள்ள வசதி இருந்தது.

சங்கதி இதுதான். போன வருஷம் சித்திரையில் யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்ட காலை, டொக்டரும் மனைவி இரத்தினேஸ்வரியும் ஓடிப்போய் அருளம்பலத்தாரின் பதுங்குகுழி வாசலில் நின்றார்கள். குழிக்குள் அருளம்பலத்தார், அவருடைய மனைவி, ஒரு தையல் மெஷின், இரண்டு றங்குப்பெட்டிகள். டொக்டர் தம்பதி கடைசியில் வாய்க்காலுக்குள் குப்புறப் படுத்துத்தான் தப்பியது. "இடம் கேட்டனான். இல்லையெண்டு போட்டான். தையல் மெஷினுக்கு மட்டும் இடமிருந்தது" என்று டொக்டர் ஊர் முழுக்கச் சொல்லிவைத்தார். பல் பிடுங்க வந்தவர்கள் எல்லாரும் வாயைத் திறந்தபடி, மறுத்து ஒரு சொல் சொல்லாமல் கேட்டார்கள்.

இன்றைக்கு அந்தக் கதிரையில் வந்து இருந்தவர் அருளம்பலத்தார். இடது கன்னம் பணியாரமாக ஊதியிருந்தது. கண்டிக்குப் போய்ப் பல்லைக் காட்டலாம் என்றால், பட்டாளத்துக்குக் கொடுத்தது போக மிச்சமாய் ரயிலில் இடம் கிடைக்கவேண்டும். மூன்று நாள் முயன்று தோற்றபிறகுதான் வந்திருந்தார்.

முதலில் வாய் திறப்பவர் தோற்றவர். இது இருவருக்கும் தெரியும். நடுவில் நின்ற உதவியாளர் அபூதாஹிர் நானாவுக்கும் தெரியும். மூதூர்க்காரரான அவர் நோயாளர் மட்டையையும் பேனையையும் எடுத்துக்கொண்டு, வழக்குக்குச் சாட்சி சொல்ல வந்தவர்போல நின்றார்.

"பேர் என்னெண்டு கேள்," என்றார் டொக்டர், சுவரைப் பார்த்து.

"ஐயா, பேர் கேக்கார்."

"பதின்மூண்டு வருசமா வேலிக்கு அங்கால இருக்கிறவன்ர பேர் தெரியாத ஆள், பல்லை எப்பிடிக் கண்டுபிடிப்பார் எண்டு கேள்."

"அருளம்பலமாம்," என்று அபூதாஹிர் எழுதிக்கொண்டார்.

"எப்ப தொடக்கம் பல்லு நோவு?"

"செவ்வாய் தொடக்கமாம்."

"முந்திப் பல்லுப் பிடுங்கேக்க ரத்தம் நிக்காமல் ஓடினதோ? நெஞ்சு வருத்தம் இருக்கோ?"

"ரத்தம் ஓடேல்லை. நெஞ்சில ஒண்டுமில்லை எண்டு சொல்லு," என்றார் அருளம்பலத்தார்.

"நெஞ்சில ஒண்டுமில்லை எண்டது எனக்கு முந்தியே தெரியும். எழுது. ஒடுக்கமான இடத்தில ஆக்கள் கூடினால் மூச்சு முட்டுமோ எண்டும் கேள்."

"அது மட்டையில இல்லையே டொக்டர்."

"கேள். மெஷினோட இருந்தால் முட்டாதோ எண்டும் கேள்."

அருளம்பலத்தார் யன்னலுக்கு வெளியே வானத்தைப் பார்த்தார். விமானம் ஒன்றும் இல்லை.

பரிசோதனை தொடங்கியது. டொக்டர் கண்ணாடியை வாய்க்குள் விட்டார். கீழ் இடது பக்கம், கடைவாய்ப்பல்லில் ஒரு குழி. அதற்கு முன்னால் இருந்த பல் நல்ல பல், தேங்காய் உரிக்கலாம். கண்ணாடியின் காம்பால் நல்ல பல்லைத் தட்டினார். ஒன்றுமில்லை. பழுதான பல்லைத் தட்டினார். அருளம்பலத்தார் கதிரையிலிருந்து நாலு விரல் உயர்ந்து, ஒரு சத்தமும் இல்லாமல் திரும்ப இறங்கினார். டொக்டர், தேவைக்கு ஒரு தரம் கூடுதலாகவே தட்டினார்.

விறைப்பூசி போட்டுப் பத்து நிமிஷம் பொறுத்து, பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்தார்.

"அபூதாஹிர், முன்னுக்கு இருக்கிற பல்லைத்தான் எடுக்கிறன்," என்றார் உரத்து.

"டொக்டர், அது நல்ல பல்லெல்லோ?"

"நல்லதெண்டால், பல்லுக்குச் சொந்தக்காரர் சொல்லட்டும்."

'அதில்லை' என்று ஒரு சொல் போதும். பதினான்கு மாதக் கணக்கு அதோடு தீர்ந்துவிடும். டொக்டர் காத்துக்கொண்டு நின்றார். அருளம்பலத்தார் கதிரையின் கைகளை இறுக்கிப் பிடித்தார், கண்ணை மூடினார், வாயை முன்னிலும் அகலமாகத் திறந்தார்.

குறடு நல்ல பல்லில் போய் உட்கார்ந்தது. டொக்டரின் கை அசையவில்லை. இந்த மனிசன் ஒரு சொல்லுக்குப் பதில் ஒரு பல்லையே தருவான் என்று விளங்கியதும் அவருக்கு வெறுப்பு இரண்டு மடங்காகியது. ஆனால் நல்ல பல்லைப் பிடுங்கிய டொக்டர் என்ற பெயர் தையல் மெஷினைவிட வேகமாக ஓடும். குறட்டை ஓர் இடம் பின்னுக்குத் தள்ளி, பழுதான பல்லைப் பிடுங்கிக் கிண்ணத்தில் போட்டார்.

"பஞ்சைக் கடிச்சுக்கொண்டு அரை மணித்தியாலம் கதைக்கக் கூடாதெண்டு சொல்லு."

அருளம்பலத்தார் தலையாட்டினார். பிறகு அபூதாஹிரின் கையிலிருந்த பேனையை வாங்கி, மட்டையில் 'வேறு விபரம்' என்ற இடத்தில் அவசரமில்லாமல் எழுதினார். அபூதாஹிர் எதையும் வாய்விட்டு வாசித்தே பழகியவர்.

"குழியில் இடம் இருந்தது. நீர் கேட்கவில்லை. கேளுங்கோ கேளுங்கோ என்று உமது மனைவி இரண்டு தரம் சொன்னது எனக்குக் கேட்டது."

திரைக்கு அப்பால் வாங்குப் பலகையில் காத்திருந்த ஏழு பேரின் முனகலும் நின்றது.

இரத்தினேஸ்வரி சொன்னது உண்மை. தலைக்கு மேல் விமானம் இரைய, சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னாள். 'வாருங்கோ டொக்டர்' என்று முதலில் ஒரு அழைப்பு வரட்டும் என்று அவர் நின்றார். வரவில்லை. பிறகு வாய்க்கால்தான்.

"நீங்க கேட்டதெண்டுதானே டொக்டர் எங்களுக்குச் சொன்னீங்க?" என்றார் அபூதாஹிர்.

"வேற மட்டை எடு."

"கடுதாசித் தட்டுப்பாடு. ஆளுக்கு ஒண்டுதான். கீழ நீங்க கையெழுத்து வைக்கணும், நோயாளி சொன்னதை விசாரிச்சுச் சரி பாத்ததெண்டு."

மட்டையின் ஒரு மூலையை அருளம்பலத்தார் இன்னும் விடவில்லை. எழும்பவும் இல்லை. அரை மணித்தியாலம் பேசாமல் இருக்க அவருக்கு வைத்திய உத்தரவு இருந்தது.

'பொய்' என்று எழுதலாம். இரண்டு எழுத்து. டொக்டர் பேனையை மையில் தோய்த்தார். முனை மட்டைக்கு மேல் நின்றது. வெளியே வாங்கு ஒரு தரம் கிறீச்சிட்டது. அவர் கையெழுத்தை வைத்தார், வழமையிலும் சிறிதாக.

அருளம்பலத்தார் அதைக் காணி உறுதி வாசிப்பதுபோல முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை பார்த்தார். பிறகு மூலையை விட்டு, வார்டன் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியேறினார். நன்றி என்று ஒரு சொல் இருக்கிறது. பஞ்சு தடுத்தது. பஞ்சு இல்லாவிட்டாலும் வந்திராது.