அழகையாவுக்காக ஒரு நிமிடம்

“‘நீங்க’ன்னு சொன்னா கூட்டம் கோவிச்சுக்கும் சார். ‘நாம’ன்னு சொல்லுங்க. குத்தம் எல்லார் மேலயும் விழும். யாருக்கும் வலிக்காது” என்றாள் பவானி.

மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே உதயசூரியன் சொல்லிப் பார்த்தார். “நாம் பார்த்தோம்... கடந்தோம். நாம் பார்த்தோம்... கடந்தோம்.” அவர் கான்ட்ராக்டர், தீவுத் தமிழர் சங்கத் தலைவர். டாலிகஞ்ச் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கும் பவானிதான் சில வருடங்களாக அவருக்குப் பேச்சு எழுதித் தருகிறாள். இன்றைய தலைப்பு ‘மரத்துப்போன மனிதம்’. முதலில் ஒரு கேள்வி, பிறகு திரும்பத் திரும்ப ஒரே வரி, நடுவில் ஒரு பெயர். பெயரில்லாத துன்பம் யார் மனதிலும் நிற்காது என்று அழகையாவின் பெயரைச் சேர்த்ததும் அவள்தான். ஹேடோ துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது சிமெண்ட் மூட்டைகள் சரிந்து அழகையாவின் கால் நசுங்கியது. அவன் அலறிக்கொண்டு கிடக்க, லாரிகள் ஒதுங்கிப் போயின. சிலர் செல்போனில் படம் பிடித்தார்கள்.

கதவருகே அழகையாவின் மனைவி ஜெயமணி வந்து நின்றாள்.

“அண்ணே, கால்ல சீழ் வச்சிருச்சு. சென்னைக்குக் கொண்டு போகலேன்னா காலையே எடுக்கணுமாம். நாளைக்குச் சாயந்திரக் கப்பல்ல அவருக்கு எடம் குடுத்துட்டாக. தொணைக்கு ஆள் இல்லாம ஏத்த மாட்டாகளாம். ஒங்க சங்கத்து பெர்த்துல ஒண்ணு குடுங்கண்ணே. பேரை மாத்திக் குடுத்தாப் போதும்னு ஷிப்பிங் ஆபீசுல சொல்லிட்டாக.”

சங்கம் அதே கப்பலில் பிடித்து வைத்திருந்த பெர்த்துகள், மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த பேச்சாளர்கள் ஊர் திரும்புவதற்காக.

“அரே, மீட்டிங் முடியட்டும்மா. மொதல்ல முன்வரிசைல போய் உக்காரு. ஜனங்க ஒன்னைப் பாக்கணும்ல” என்றார் உதயசூரியன்.

அவளும் போய் உட்கார்ந்தாள். கூட்டம் அவளைப் பார்க்கத்தான் செய்தது.

பேச்சு நன்றாகவே ஏறியது. மூன்றாவது ‘கடந்தோம்’ வந்தபோது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். மதுரைப் பேச்சாளர் ரசித்துத் தலையாட்டினார். உதயசூரியன் கண்ணாடியைக் கழற்றினார். ‘அழகையா இன்று மருத்துவமனைக் கட்டிலில்’ என்று பவானி எழுதிய அடுத்த வரி வரவேண்டும்.

“அழகையா இன்று நம்மிடையே இல்லை” என்றார் அவர். “அந்த ஏழைத் தொழிலாளிக்காக, ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌனம் காப்போம்.”

நாற்காலிகள் கிரீச்சிட்டன. மண்டபமே எழுந்து தலை குனிந்தது. ஜெயமணி மட்டும் எழவில்லை. யாரைச் சொல்கிறார்கள் என்பதுபோல் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பவானி மேடையின் பக்கவாட்டிலிருந்து அவரிடம் ஓடினாள். “என்ன சார் இது? அவரு உயிரோட இருக்காரு!”

“தெரியும் டீச்சர். கட்டில்ல கெடக்குறவனுக்கு எவன் அழுவான்? சுப் ரஹோ, பேசாதீங்க. மௌனம் கலையுது பாருங்க.”

பேச்சில் எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள். அந்த இடைவெளியில் ஒரு மனிதனைக் கொல்வார் என்று நினைத்திருக்கவில்லை. அவள் வாயெடுப்பதற்குள் ஜெயமணி படியேறி மைக் முன்னால் வந்துவிட்டாள்.

“நின்னது நின்னீக, அப்படியே கேளுங்க. எம் புருசன் சாகல. காலைல எங்கையால கஞ்சி குடிச்சாரு. உப்பு பத்தலைன்னு ஏசுனாரு.”

பின்வரிசையில் யாரோ சிரித்து, சட்டென்று நிறுத்தினார்கள்.

“ஒங்க மௌனம் எனக்கு வேணாம். நாளைக்குக் கப்பல்ல ஒரு பெர்த்து வேணும்.”

“மைக் பந்த் கரோ!” உதயசூரியன் கத்தினார்.

மைக் செத்தது. ஆனால் செத்தவனுக்கென்று காத்த அமைதி இன்னும் கலையாததால், அவள் குரல் கடைசி நாற்காலிவரை தெளிவாகக் கேட்டது. “ஒரே ஒரு பெர்த்து. யாரு தர்றீக?”

பவானி மேடையிலிருந்து குதித்து, முன்வரிசையில் மதுரைப் பேச்சாளரிடம் போய்க் கையை நீட்டினாள்.

“சார், உங்க டிக்கெட்.”

அவர் கை சட்டைப் பைக்குப் போனது. உள்ளே நுழையவில்லை. பையை அழுத்திப் பிடித்தபடி அங்கேயே நின்றது. குனிந்திருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. யாரும் உட்காரவில்லை. எல்லாக் கண்களும் அந்தக் கையின் மேல் இருந்தன.