ட்ரைலர் டீசல் குடிக்காது

வலது முழங்காலுக்குக் கீழே காலே இல்லாத மாதிரி இருந்தது செபாஸ்டியனுக்கு. திருவள்ளூருக்கு அப்பால் கல்யாண வீட்டிலிருந்து கிளம்பியது முதல், செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரல் நுனியால்தான் ஆக்சிலேட்டரைத் தொட்டுக்கொண்டு வந்தான். அழுத்தவும் கூடாது, விடவும் கூடாது. அப்படிக் காலைப் பிடித்தே வைத்திருந்ததில் கெண்டைச் சதை முறுக்கிக்கொண்டு, வலி இடுப்புவரை ஏறியிருந்தது.

பிக்கப்புக்குப் பின்னால் கொக்கியில் ட்ரைலர். ட்ரைலர்மேல் ஜெனரேட்டர். அதை ஒட்டி, ஒரு காலைத் தொங்கப்போட்டபடி உத்தமன். நட்டு கழன்று விழாமல் பார்த்துக்கொள்ள ஆபரேட்டர் பின்னால்தான் உட்கார வேண்டும் என்பது முதலாளி கஜபதியின் சட்டம்.

அவருடைய இன்னொரு சட்டம்தான் செபாஸ்டியனைக் கொன்றுகொண்டிருந்தது. பிக்கப் வாங்கின புதிதில், பூந்தமல்லி ரோட்டில், காலி வண்டியை அவரே ஒருநாள் ஓட்டிப் பார்த்தார். லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுத்தது. அன்றிலிருந்து அதுதான் கணக்கு. ட்ரைலர் மாட்டினாலும் பன்னிரண்டுதான். வண்டி மேனாம்பேடு ஷெட்டுக்குத் திரும்பியதும் டாங்குக்குள் மூங்கில் குச்சியை விட்டு, நனைந்த இடத்தை விரலால் அளப்பார்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே செபாஸ்டியன் சொல்லிப் பார்த்தான். "மொதலாளி, ட்ரைலர இஸ்துகினு போனா ஏழுக்கு மேல குடுக்காது."

"ட்ரைலருக்குத் தனியா சக்கரம் கீதா இல்லியா?"

"கீது."

"அது பாட்டுக்கு உருளுது. நீ சும்மா முன்னாடி போற. அதுக்கு இன்னாத்துக்குடா டீசல்?"

ஷெட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதே ஷெட்டில்தான் பழைய டிரைவர் செங்கல்வராயனை, டீசலைத் திருடி விற்றான் என்று தூணில் கட்டிவைத்து ஃபேன் பெல்ட்டால் அடித்தார்கள். இடது காது போய்விட்டது. இப்போது பட்டாபிராம் ஸ்டேஷன் வாசலில் வேர்க்கடலை விற்கிறான். யாராவது விலை கேட்டால் வலது காதைத் திருப்பிக் காட்டுகிறான்.

அந்த ஸ்டேஷனைத் தாண்டும்போது செபாஸ்டியன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் போய் வண்டியை ஓரங்கட்டினான். தானும் ஒரு குச்சி வைத்திருந்தான். விட்டு எடுத்தான். அடியில் மட்டும் ஈரம்.

உத்தமன் இறங்கி வந்தான். "இன்னா மாமே, பேயறஞ்ச மாரி நிக்கற?"

"ரெண்டு வெரல் கொறையுது."

"முதுவுல எண்ண தடவிகினு போ. பெல்ட்டு வழுக்கும்."

செபாஸ்டியன் குச்சியைத் துடைத்து மறுபடி டாங்குக்குள் விட்டு எடுத்தான். அதே ஈரம்தான். அதைப் பார்த்ததும் உத்தமன் கிண்டலை நிறுத்திவிட்டு ஜெனரேட்டர் டாங்கின் மூடியைத் திறந்தான்.

"டியூப எடு. நாலு லிட்டர் உறிஞ்சிக்கோ."

"உன் கணக்கு?"

"பொண்ணூட்டுக்காரங்க இன்னும் ஒரு மணி நேரம் சேத்து ஓட்டச் சொன்னாங்கன்னு சொல்லிக்கறேன். ஆனா ஞாயித்துக்கெழம வாடக வாங்க மொதலாளியே போவாரு. விசாரிப்பாரு. அதுக்குள்ள நீ ஊத்திடணும். இல்லாங்காட்டி பெல்ட்டு எனுக்கு."

"ஊத்திடறேன். மாதா சத்தியமா."

"மாதாவ இன்னாத்துக்கு இஸ்கற? நீ ஊத்து, போதும்."

வாயால் உறிஞ்சியதில் ஒரு மடக்கு உள்ளே போய்விட்டது. காலையிலிருந்து எதுவும் சாப்பிடாத வயிறு எரிந்தது. நான்கு லிட்டரை ஊற்றிய பிறகும் குச்சியில் அரை விரல் குறைந்தது. சுற்று மிச்சமாகட்டும் என்று ஆவடியைச் சுற்றிப் போகும் ரோட்டை விட்டு ஏரிக்கரைப் பாதையில் திருப்பினான்.

கரைமேல் ஏறும்போது என்ஜின் முக்கி முனகியது. தானாக உருளும் சக்கரம் பின்னாலிருந்து வண்டியைப் பிடித்து இழுத்தது. கறுப்புப் புகையாக டீசல் போவதைக் கண்ணாடியில் பார்த்தான். உச்சிக்கு வந்ததும் இறக்கம். இதில் என்ஜினை நிறுத்தினால் ஒரு கரண்டி டீசல்கூட மிஞ்சாது என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் கை போய் ஸ்டாப் குமிழை இழுத்துவிட்டது. நியூட்ரலுக்குத் தள்ளினான்.

சத்தம் அடங்கியது. காற்று மட்டும் கேட்டது. காலுக்கு அப்பாடா என்றிருந்தது.

கீழே, இறக்கம் முடிகிற இடத்தில், ஃபேக்டரி ஷிப்ட் விட்டிருந்தது. ரோடு முழுக்க சைக்கிள். காக்கிச் சட்டைகள், ஹேண்டில்பாரில் ஆடும் டிபன் பாக்ஸ்கள்.

பிரேக்கை மிதித்தான். கேட்டது. மறுபடி மிதித்தான். பாதி கேட்டது. மூன்றாவது மிதிக்கு பெடல் கருங்கல்லாகிவிட்டது. அவன் ஓட்டிப் பழகிய பழைய வேனில் என்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பிரேக் ஒன்றுதான். இந்த வண்டியில் என்ஜின் நின்றால் பிரேக்குக்கும் பலம் போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு காலையும் பெடல்மேல் வைத்து எழுந்து நின்றான். ட்ரைலர் பின்னாலிருந்து தள்ளியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். கருகல் வாடை வந்தது, வண்டி நிற்கவில்லை. ஹாரன் அடிக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கத்த வாயைத் திறந்தான், டீசல் ஏப்பம்தான் வந்தது.

ஒரு சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார். கேரியரில் உட்கார்ந்திருந்த பெண்ணின் முகம் தெரிந்தது, மூக்குத்தி தெரிந்தது.

அப்போது பின்னால் ஒரு குலுக்கல். வண்டி கிறீச்சிட்டு ஒருபக்கமாகச் சாய்ந்து, எந்தச் சைக்கிள்மேலும் இடிக்காமல், வேலிகாத்தான் புதருக்குள் மூக்கை விட்டு நின்றது.

உத்தமன் குதித்து, சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் மரக்கட்டையை ட்ரைலர் சக்கரத்துக்கு முன்னால் செருகியிருந்தான். கட்டை நின்றது. கட்டையைப் பிடித்திருந்த கை வெளியே வரவில்லை.

சைக்கிள்காரர்கள்தான் ட்ரைலரைத் தூக்கிக் கையை எடுத்தார்கள். செபாஸ்டியன் தன் துண்டைச் சுற்றிக் கட்டினான். உள்ளே விரல்கள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. யாரோ ஆட்டோ பிடித்தார்கள். ஆட்டோ நகரும்போது உத்தமன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றுதான் சொன்னான்.

"மாமே, ஞாயித்துக்கெழம."

ஷெட்டில் விஷயத்தைக் கேட்டுக்கொண்டே கஜபதி குச்சியை எடுத்தார். "வெரல்தான? தச்சி உட்ருவாங்க." பிக்கப் டாங்கில் விட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அரை வெரல்தான் கொறையுது. பாத்தியா? ட்ரைலர் மாட்டியும் பன்னெண்டு குடுக்குதா இல்லியா? என்னமோ ஏழுன்ன."

அப்புறம் ஜெனரேட்டர் டாங்கில் விட்டார். இரண்டு முறை விட்டார்.

"இதுல நாலு லிட்டராவது கொறையுதே. எங்கடா?"

செபாஸ்டியனின் நாக்கில் இன்னும் அந்த ருசி இருந்தது. தூணில், ஆணியில், பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது.

"தெரில மொதலாளி. அது உத்தமன் பாத்துக்கறது."

"வரட்டும். கட்டுப் பிரிச்சிகினு வரட்டும்." குச்சியைத் துடைத்தார். "நாளைக்கு பூந்தமல்லி. பன்னெண்டு கணக்குக்குத்தான் டீசல் ஊத்துவேன். இனிமே பேசாத."

செபாஸ்டியன் தலையாட்டினான். வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலை உதறினான்.

உத்தமனுக்கு அவன் நான்கு லிட்டர் டீசல் தரவேண்டும்.